கறுப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு பெயர்

எங்கள் பெல்லமி நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் வெர்னிதா கோல்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. பாதிப் பேர் அவள் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய்த்தான் எழுத்துக் கற்றார்கள். மீதிப் பேரின் பிள்ளைகள் இப்போது போகிறார்கள். கடைசிப் பிள்ளை உட்காரும்வரை வண்டியை நகர்த்தமாட்டாள். பின்னால் வரிசையாகக் கார்கள் நின்று ஹாரன் அடித்தாலும், மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தபடி, "அந்தப் பச்சைச் சட்டை, உக்காரு கண்ணு, ஊரே உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு" என்பாள்.

நானும் அதே பணிமனையில்தான் பேருந்து ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும்போதும் அவள் பக்கத்தில்தான் நிற்பேன். வெர்னிதாவுக்குச் சுருதி சேராது. அதற்காகக் குரலைத் தணிக்கிறவளும் இல்லை. பாதிரியார் ஒருமுறை நயமாகச் சொல்லிப் பார்த்தார். "கடவுள் குடுத்த குரல் பாஸ்டர், புகார் இருந்தா அங்க எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி, ஓடெல். அக்காவுக்கு நேரெதிர், பேச்சே குறைவு. முதியோர் இல்லத்தில் இரவு வேலை, படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஓடெலுக்கு இடது காது போய்விட்டது. தெரிந்தவர்கள் எல்லாம் வலது பக்கமாக வந்துதான் பேசுவார்கள்.

ஒரு மார்ச் மாதக் காலையில் வேலை முடிந்து ஓடெல் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். மிஸ் ஓபலின் சலவைக் கடை இருக்கும் முனையில் ஒரு போலீஸ் வண்டி விளக்கைச் சுழற்றி அவனை நிறுத்தியது. இறங்கி வந்தவர் ஹோல்ப்ரூக் என்ற போலீஸ்காரர். ஓட்டுநர் பக்கமான இடது ஜன்னலுக்கு வெளியே, சற்றுப் பின்னால் நின்று, கையை வெளியே நீட்டச் சொல்லியிருக்கிறார். ஓடெலுக்கு அது கேட்கவில்லை. உரிமத்தை எடுக்கக் குனிந்தான். அடுத்த நொடி கதவு திறந்தது. தரையில் முகம் பதிந்து கிடந்தான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மிஸ் ஓபல் துணிக்கூடையோடு கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "அவனுக்கு அந்தக் காது கேக்காதுய்யா, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அது ஹோல்ப்ரூக்கின் காதிலும் ஏறவில்லை. பின்விளக்கு எரியவில்லை என்பதற்காக நிறுத்தினாராம். உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று வழக்கும் போட்டார். நீதிபதி அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

கை சேர்வதற்கு வெகுநாள் ஆனது. வலியைவிட வேறொன்றுதான் ஓடெலை வாட்டியது. "இல்லத்துல இருக்கிற பெரியவங்கள்லாம் கைக் கட்டைப் பாத்துட்டு, 'என்னப்பா, சண்டைக்குப் போனியா'ன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது அக்கா?" என்று ஒருநாள் கேட்டான். மறுநாள் வெர்னிதா அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் போலீஸ் மேல் புகார் எழுதிக் கொடுக்கவைத்தாள். சாட்சி என்ற இடத்தில் மிஸ் ஓபலின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டன.

குளிர்காலம் வந்த பிறகுதான் பதில் வந்தது. ஒரே பத்தி. விசாரித்துப் பார்த்ததில் புகார் நிரூபணமாகவில்லை, சாட்சி எவரையும் கண்டறிய இயலவில்லை. கீழே சார்ஜென்ட் மெக்கேவ் என்பவரின் கையெழுத்து.

வெர்னிதா அந்தக் கடிதத்தோடு நேராகச் சலவைக் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"மிஸ் ஓபல், போலீஸ்லேருந்து யாராச்சும் வந்து உங்களைக் கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கல. இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"உங்களைக் கண்டுபிடிக்க முடியலன்னு எழுதியிருக்காங்க."

மிஸ் ஓபல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தாள். "கடை வாசல்ல என் பேரை ஆள் உசரத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். இதையே கண்டுபிடிக்க முடியாதவங்க திருடனை எப்படிப் புடிப்பாங்க?" என்றாள்.

அங்கிருந்து போலீஸ் தலைமையகம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். "விசாரணைக் காகிதத்தையெல்லாம் வெளியில குடுக்க முடியாதும்மா. அது எங்க உள் விவகாரம்."

"என் தம்பி கை எப்பம்மா உங்க உள் விவகாரமாச்சு?" என்று கேட்டாள் வெர்னிதா. அந்தப் பெண் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பதில் இல்லாமல் திரும்பும் பழக்கம் வெர்னிதாவுக்குக் கிடையாது. நகர நூலகத்தில் போய் விசாரித்தாள். அரசு அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தை யாரும் எழுதிக் கேட்கலாம், கொடுக்க மறுத்தால் மாநில அலுவலகத்தில் முறையிடலாம் என்று சட்டம் இருப்பதை நூலகர் சொன்னார். அன்றே எழுதிப் போட்டாள். ஆனால் அவள் கேட்டது ஓடெலின் கோப்பை மட்டுமல்ல. கடந்த பத்து ஆண்டுகளில் போலீஸ் மேல் வந்த புகார்கள் அனைத்தும், அவை எப்படி முடிக்கப்பட்டன என்பதும் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

"எதுக்குடி ஊர்ப் புகாரெல்லாம்? ஓடெலோடது போதாதா?" என்றேன்.

"ஓடெலோடதை மட்டும் கேட்டா, ஏதோ ஒண்ணு தவறிப்போச்சும்மா, மன்னிச்சுக்கங்கன்னு முடிச்சுடுவாங்க கிளியோ. தவறினது ஒண்ணா, நூறான்னு எனக்குத் தெரியணும்."

மறுத்தார்கள். முறையிட்டாள். பாதியைக் கொடுக்கிறோம் என்றார்கள். மீண்டும் முறையிட்டாள். மதிய இடைவேளையில் நாங்கள் எல்லோரும் பணிமனை அறையில் சீட்டாடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் காலியான தன் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. நடுவில் ஒருநாள் அவள் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அழுததை நான் பார்த்தேன். கதவைத் தட்டவில்லை. மறுநாள் அவளே, "நேத்து கொஞ்சம் தளர்ந்துட்டேன். இன்னிக்குப் பரவால்ல" என்றாள்.

கடைசியில் மாநில அலுவலகம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நகராட்சி ஒரு குறுந்தகட்டில் எல்லாவற்றையும் போட்டு அனுப்பியது. ஆயிரக்கணக்கான பக்கங்கள். சில கோணலாக, சில மங்கலாக, சில தலைகீழாக. புகார் கொடுத்தவர், சாட்சி இவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எல்லாவற்றின் மேலும் கறுப்புக் கோடு அடித்திருந்தார்கள். போலீஸ்காரர்களின் பணி எண்ணும், கோப்பை மூடியவரின் கையெழுத்தும் மட்டும் தெரிந்தன.

வியாழக்கிழமை மாலைகளில் நூலகத்துக்கு டுவான் ஃபாம் என்ற இளைஞர் வருவார். ஆற்றில் சரக்குப் படகு விடும் ஒரு கம்பெனியில் கணினி வேலை. கணினி தெரியாதவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார். வெர்னிதா தகட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் படமா இருக்கு மிஸ் வெர்னிதா. எழுத்தா இல்ல. எதையும் தேடி எடுக்க முடியாது."

"அப்ப எழுத்தாக்குங்க."

"கம்ப்யூட்டர் படிச்சா பாதி தப்பா வரும். மனுஷங்க உக்காந்து படிச்சு டைப் அடிக்கணும். நிறைய பேர் வேணும். உங்களுக்கு ஆள் கிடைப்பாங்களா?"

"மீன் வறுத்துப் போட்டா கிடைப்பாங்க" என்றாள் வெர்னிதா.

அப்படித்தான் எங்கள் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன், சோள ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட். அதோடு வீட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினிகள். டுவான் ஒரு இணையதளம் செய்திருந்தார். இடப்பக்கம் புகாரின் படம், வலப்பக்கம் நிரப்ப வேண்டிய கட்டங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் தளம் ஏற்றுக்கொள்ளும். டுவான் பொறுமைசாலி. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கோபப்படுவார். "ஒண்ணு சாப்பிட்டுட்டு அடிங்க, இல்ல அடிச்சுட்டு சாப்பிடுங்க. விசைப்பலகை பூரா எண்ணெய்" என்பார்.

எல்லாப் புகாரும் கண்ணீர்ப் புகார் அல்ல. போலீஸ்காரர் தன் நாயைப் பார்த்து முறைத்தார் என்று ஒரு பெரிய மனிதர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நாங்கள் சிரித்தோம். "அதையும் அடிங்க. நமக்குப் புடிச்சதை மட்டும் ஏத்தினா, அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள் வெர்னிதா. சில பக்கங்களைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றவர்களும் உண்டு. நானும் ஒருமுறை போய் நின்றேன்.

ஓடெலும் வர ஆரம்பித்தான். கை சேர்ந்திருந்தாலும் விரல்கள் மெதுவாகத்தான் நகரும். ஒரு வெள்ளிக்கிழமை, யாரிடமும் பேசாமல் அடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க பாரேன். சாட்சின்னு போட்ட இடத்துல கறுப்பா அடிச்சிருக்காங்க. கடைசிப் பக்கத்துல சாட்சி யாரும் கிடைக்கலன்னு எழுதியிருக்காங்க. ஆளே இல்லன்னா எதை அடிச்சாங்க?"

கூடத்தில் எல்லோருடைய கைகளும் நின்றன. டுவான் வந்து குனிந்து பார்த்தார். வலது பக்கமாக வந்து நின்று, "கறுப்புக் கோடு இருந்தா, அதுக்குக் கீழ ஒரு பேர் இருந்திருக்குன்னு அர்த்தம்" என்றார் மெல்ல.

அன்றைக்கே ஒரு புதுக் கட்டம் சேர்த்தார்: சாட்சி என்ற இடத்தில் கோடு உண்டா, இல்லையா. அடித்து முடித்த பக்கங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தோம். வசந்தம் முடிவதற்குள் கணக்குத் தெரிந்துவிட்டது. சாட்சி கிடைக்கவில்லை என்று மூடப்பட்ட புகார்களில் பாதிக்கு மேல் கறுப்புக் கோடு இருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே கையெழுத்து, சார்ஜென்ட் மெக்கேவ்.

தளத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் வாரத்தில்தான், எங்கள் சர்ச்சின் மூத்த நிர்வாகியான டீக்கன் டிப்ஸ் வெர்னிதாவைத் தனியாக அழைத்தார். அந்தக் கூடத்தின் சாவி அவரிடம்தான் இருந்தது. அவருடைய மகன் ரெனால்டும் நகரப் போலீசில் இருக்கிறான். எண்ணுக்குரிய பெயர்களை நகராட்சிப் பணியாளர் பட்டியலைப் பார்த்துத் தளத்தில் சேர்த்திருந்தோம்; ரெனால்டின் எண்ணில் மூன்று புகார்கள் இருந்தன.

"சிஸ்டர் வெர்னிதா, நீங்க பண்றது நல்ல காரியம். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ரெனால்ட் நம்ம பையன். நீங்கதான் அவனைப் பஸ்ல கூட்டிட்டுப் போனீங்க."

"கூட்டிட்டுப் போனேன் டீக்கன். வாரத்துல ரெண்டு நாள் டிஃபன் பாக்ஸை பஸ்லயே விட்டுட்டுப் போவான். நான்தான் ஓடிப்போய்க் குடுப்பேன்."

"அப்ப அவன் பேரை எடுத்துடுங்க."

"நம்ம பையன் பேரை எடுத்துட்டு, அடுத்தவங்க பையன் பேரை வெச்சா, அதுக்குப் பேர் என்ன?"

டீக்கன் திரும்பி நடந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கூடம் பூட்டியிருந்தது. வெர்னிதாவின் வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலையை முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சிலர் எங்களைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். வெர்னிதா வழக்கம்போலச் சுருதி சேராமல் பாடினாள். ஆனால் அன்று அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

தளம் திறந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு பிற்பகல், பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பணிமனைக்குத் திரும்பியபோது, வாசலில் ரெனால்ட் டிப்ஸ் நின்றிருந்தான். சீருடை இல்லை. எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் பயம்தான். வெர்னிதா இறங்கி அவனிடம் போனாள்.

"மிஸ் வெர்னிதா, அந்த மூணுல ரெண்டு என்னோடது. இல்லன்னு சொல்லமாட்டேன். மூணாவது என்னோடது இல்ல. அந்த வருஷம் நான் இந்த ஊர்லயே இல்ல, ராணுவத்துல இருந்தேன்."

"பாக்கறேன் கண்ணு" என்றாள்.

அப்போதே டுவானை அழைத்து மூலப் படத்தைத் திறக்கச் சொன்னாள். நானும் பார்த்தேன். மங்கலான பக்கம். போலீஸ்காரரின் எண்ணில் இருந்த மூன்றை எட்டு என்று படித்திருந்தோம். தனித்தனியாகப் படித்த இரண்டு பேரும் அதே தவறைச் செய்திருந்தார்கள். அந்த இருவரில் ஒருத்தி வெர்னிதா.

வெர்னிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரெண்டு வாரமா ஒருத்தன் பண்ணாத தப்பை ஊர் முன்னாடி அவன் தலையில வெச்சிருக்கேன்" என்றாள்.

"சத்தமில்லாம மாத்திடலாம் மிஸ் வெர்னிதா. ஒரு நிமிஷ வேலை" என்றார் டுவான்.

"சத்தமில்லாம மாத்தற வேலையைத்தானே அவங்க பண்றாங்க."

தளத்தின் முகப்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி, எந்தப் புகாரில் என்ன தவறு நடந்தது, யார் செய்தது, எப்படித் திருத்தப்பட்டது என்று தன் முழுப் பெயரோடு எழுதிப் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, டீக்கனையும் அவர் மனைவியையும் பார்த்து அதையே சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். மீதி இரண்டு புகார்களும் அங்கேயே இருக்கும் என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். மங்கலான பக்கங்களை இனி மூன்று பேர் படிப்பது என்று டுவான் விதியை மாற்றினார். போலீஸ்காரர்கள் தங்கள் பக்கத்தை எழுத ஒவ்வொரு புகாரின் கீழும் ஓர் இடமும் வைத்தார்.

அந்த இடத்தில் முதலில் எழுதியவன் ரெனால்ட்தான். இரண்டு புகாரில் ஒன்றுக்கு, தான் செய்தது சரி என்று காரணம் எழுதியிருந்தான். இன்னொன்றுக்கு, "அன்று நான் அந்த அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ஒரே வரி.

அடுத்த வெள்ளிக்கிழமை கூடம் திறந்திருந்தது. டீக்கன் டிப்ஸ் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டி முன் நின்றிருந்தார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு டீக்கன்" என்று வெர்னிதா சொன்னதோடு சரி.

அதன் பிறகு தளத்துக்கு ஆட்கள் தாங்களாகவே வர ஆரம்பித்தார்கள். தேதியையும் தெருவையும் வைத்துத் தேடி, "இது என் புகார்", "இதில் கோடு அடித்திருப்பது என் பெயர்" என்று எழுதினார்கள். வெர்னிதா ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினாள். இலையுதிர் காலத்தில் நகர மன்றம் இதைப் பற்றிக் கூட்டம் போட்டது. பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.

போலீஸ் தலைவர் முதலில் பேசினார். காகிதத்தில் ஒரு கறுப்புக் கோடு இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது, பழைய சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல என்றார்.

வெர்னிதா ஒலிவாங்கி முன் போனாள். கையில் ஒரு தாள். தன்னைப் பற்றியோ தம்பியைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. ஒரு புகாரின் எண்ணைப் படித்தாள். "சாட்சி கிடைக்கவில்லை" என்றாள். மூன்றாவது வரிசையில் தபால்காரர் ஒருவர் எழுந்து, "நான்தான் அது. இப்பவும் அதே தெருவுலதான் தபால் போடறேன்" என்றார். அடுத்த எண். "சாட்சி கிடைக்கவில்லை." ஒரு பள்ளி ஆசிரியை எழுந்தார். அடுத்த எண். ஊன்றுகோலோடு ஒருவர், மகள் பிடித்துக்கொள்ள, சிரமப்பட்டு எழுந்தார். எழுந்தவர்கள் யாரும் திரும்ப உட்காரவில்லை. ஓடெலின் புகார் எண்ணைப் படித்தபோது, "ஓபல் ஸ்டிரிங்கர். சலவைக் கடை. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு" என்றாள் மிஸ் ஓபல். மன்றத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. மூன்று நிமிட மணி அடித்தபோது தாளில் இன்னும் பாதி இருந்தது. மன்றத் தலைவி, "நிறுத்த வேண்டாம், முழுசாப் படிங்க" என்றார். வெர்னிதா படித்து முடிக்கும்போது மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களைவிட நின்றிருந்தவர்கள் அதிகம் போலத் தெரிந்தது எனக்கு.

நான் ஓடெலைப் பார்த்தேன். அவன் அழவில்லை, சிரிக்கவுமில்லை. நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. வெளியூரிலிருந்து ஒரு வழக்கறிஞரை நியமித்து, அந்தப் புகார்களைத் திறந்து மறுபடி விசாரித்தார்கள். பலவற்றில் காலம் கடந்துபோயிருந்தது. ஓடெலின் புகார் நிரூபணமானது என்று கடிதம் வந்தது. ஹோல்ப்ரூக்குக்குச் சில வாரத் தற்காலிகப் பணிநீக்கம்தான். வெர்னிதாவுக்கு அது போதவில்லை, இன்றும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சார்ஜென்ட் மெக்கேவ் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஆனால் சாட்சி இருக்கும் புகாரை, அந்தச் சாட்சியோடு பேசிய பதிவு இல்லாமல் யாரும் மூட முடியாது என்று நகரத்தில் இப்போது விதி இருக்கிறது. புகார் கொடுத்தவர் தன் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாதா மாதம் நகராட்சியே புதிய கோப்புகளைத் தளத்துக்கு அனுப்புகிறது, படமாக அல்ல, எழுத்தாக.

கடிதம் வந்த நாளில் ஓடெல் அதை முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போய்ப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டினானாம். ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவன் முழுக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தான் என்று அங்கு வேலை செய்யும் பெண் சொன்னாள்.

போன மாதம், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தார்கள். அவர்கள் ஊர்க் காகிதங்களையும் கேட்டு வாங்கிவிட்டார்களாம், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையாம். டுவான் ஆர்வமாகத் தளத்தின் அமைப்பை விளக்க ஆரம்பித்தார். வெர்னிதா குறுக்கே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் அவர் அப்புறம் சொல்லுவார். முதல்ல இதைச் சொல்லுங்க, உங்க பக்கம் ராத்திரிச் சாப்பாட்டை யார் பாத்துக்கறாங்க? ஆளுங்க பசியோட வந்தா எட்டு மணிக்கு மேல ஒருத்தரும் உக்காரமாட்டாங்க."

அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள், "எங்க வீட்டுக்காரர் பன்றி விலா நல்லா வாட்டுவார்" என்றாள் தயக்கத்தோடு.

"அவரையும் சேத்துக்கங்க" என்றாள் வெர்னிதா. பிறகு நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் கொண்டுவந்த காகிதங்களின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.